தொழுகையைச் சுருக்கிய அழுகை



ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலைகளை நம்பி ஊர்விட்டு வந்த இளம் குடும்பங்கள் இங்கு ஏராளம். ஒற்றை அறை வாடகை வீடு. கணவருக்கு இரவு ஷிப்ட். பக்குவம் சொல்லித்தரத் தாயோ மாமியாரோ அருகில் இல்லை. அந்த அறையில் கைக்குழந்தை வீறிட்டு அழும்போது, பகலில் உறங்கும் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுகிறார். “பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை” என்ற சொல்லும் வந்து விழுகிறது. மூத்த பிள்ளையை மத்ரஸாவில் விட வரும் தாய்மார்கள், “உஸ்தாத், கண்ணேறு பட்டிருக்குமோ? ஓதிப் பாருங்கள்” என்று கலங்கிய கண்களோடு கேட்கிறார்கள்.

ஓதுகிறேன். ஓதியபின் சிலவற்றை எடுத்தும் சொல்கிறேன்.

பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து அழுகை கூடுவதும், ஏறத்தாழ ஆறாம் வாரத்தில் உச்சம் தொடுவதும், மூன்று நான்கு மாதங்களில் தணிவதும் நலமான குழந்தைகளிடமும் காணப்படும் இயல்பு. மாலையும் முன்னிரவும் கடினமான வேளைகள். பசியா, ஈரத்துணியா, புழுக்கமா, ஏப்பம் வராத இறுக்கமா, உறக்கம் வராத அயர்ச்சியா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எதுவும் இல்லாமலும் சில நேரம் அழும். அது தாயின் குறையன்று.

கனடாவின் மான்ட்ரியல் நகரில் நடந்த ஓர் ஆய்வு 1986இல் வெளியானது. பாலூட்டும்போதும் அழும்போதும் தூக்குவது போக, மற்ற வேளைகளிலும் குழந்தையைக் கூடுதலாகச் சுமக்குமாறு பெற்றோர் சிலரிடம் கூறப்பட்டது. ஆறாம் வாரத்தில் அக்குழந்தைகள் மற்றவர்களைவிட 43 சதவீதம் குறைவாக அழுதன. சுமக்கும் தோள் தாயுடையதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைச் சுமந்தபடியே தொழுததையும், ஸஜ்தாவின்போது இறக்கிவிட்டு எழும்போது மீண்டும் தூக்கிக்கொண்டதையும் அபூகத்தாதா (ரலி) அறிவிக்கிறார்கள். பிள்ளையைத் தூக்குவது பெண்ணின் வேலை என்று எண்ணும் தந்தையருக்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

சில எச்சரிக்கைகளும் உண்டு. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் போதும்; சர்க்கரைத் தண்ணீரோ வசம்போ வேண்டாம். காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், வழக்கத்துக்கு மாறான ஈனக்குரல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். கோபத்தில் குழந்தையை ஒருபோதும் குலுக்காதீர்கள். மூளையில் இரத்தம் கசிந்து உயிரே போகலாம். பொறுமை இழப்பதாகத் தோன்றினால், குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுச் சில நிமிடங்கள் விலகி நில்லுங்கள், உளூச் செய்யுங்கள்.

இறுதியாக, சுவரைத் தட்டுவோருக்கும் ஒரு சொல். தொழுகையை நீட்டித் தொழும் எண்ணத்தோடு நிற்கும்போது குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாய்க்குச் சிரமம் தரக்கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள். புகாரீயில் பதிவான செய்தி இது. அந்தத் தாய் கண்டிக்கப்படவில்லை. வீட்டிலேயே இருந்துகொள் என்றும் சொல்லப்படவில்லை. ஜமாஅத் முழுவதன் தொழுகையும் ஒரு தாயின் மனவேதனைக்காகச் சுருங்கியது.

வணக்கத்தையே சுருக்கத் தகுந்த அழுகைக்காக நம் உறக்கத்தில் அரைமணி நேரத்தைச் சுருக்கிக்கொள்ள முடியாதா? சுவரைத் தட்டும் கை கதவைத் தட்டட்டும். வீட்டுப் பெண்களை அனுப்பி, “பிள்ளையைக் கொடும்மா, நீ கொஞ்சம் கண்ணயர்ந்துகொள்” என்று கேட்கச் சொல்லுங்கள். உறவுகளைப் பிரிந்து வாழும் அவளுக்கு அண்டை வீட்டார்தாம் தாய்வீடு.

நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாகவும், நம் அண்டை வீடுகளை ஆறுதலாகவும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.