மேற்குச் சுவர்

தேவதானத்தில் எங்கள் வீட்டு அடுக்களையின் மேற்குச் சுவரில் ஒரு மணம் இருந்தது. பகலில் தெரியாது. விளக்கு வைத்து, அடுப்பை அணைத்து, ஆச்சி திண்ணைக்குப் போன பிறகு மெல்ல எழும். கருப்பட்டிப் பாகும் லேசான புளிப்பும் பழைய மெழுகும் சேர்ந்த ஒரு வாசம். அதை முகர்ந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. இன்னும் சில இரவுகளில் அதற்காகவே விழிப்பு வருகிறது.

1986-இல் எனக்குப் பத்து வயது. அந்த மாசி மாதம் முழுக்க வீடே அந்த மணத்தைத் தேடியது. "செவத்துக்குள்ள எலி செத்துக் கெடக்கு" என்றாள் ஆச்சி. "செத்த எலி நாலு நாள்ல மாறிரும். இது மூணு மாசமா இருக்கே" என்றார் தாத்தா. குலுக்கையை நகர்த்திப் பார்த்தோம். கருப்பட்டிப் பானையை முற்றத்தில் கொண்டுபோய் வைத்தோம். நல்லபாம்பு இருந்தால் தாழம்பூ மணக்கும் என்று பக்கத்து வீட்டு அத்தை சொல்லிவிட்டுப் போனதில் அம்மா ஒரு வாரம் சாம்பிராணி போட்டாள். சுவரே இரண்டு அடி கனம். இருபுறமும் செங்கல், நடுவே மண்ணும் சல்லியும், மேலே கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டு அரைத்த சுண்ணாம்புக் காரை. அந்தக் கருப்பட்டிதான் மணக்கிறது என்றார் கொத்தனார். "அப்படின்னா நாலு செவருமில்ல மணக்கணும்?" என்று தாத்தா கேட்டார்.

கண்டுபிடித்தது மலையிலிருந்து சீயக்காய் கொண்டுவந்த ஒரு பளியர் பெரியவர். அவர் வீட்டுக்குள் வரவே இல்லை. கொல்லையில் நின்று சுவரை அண்ணாந்து பார்த்தார். உத்தரக்கட்டை முனையருகே விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. "பொந்துத்தேனு" என்றார். தாத்தா உள்ளே வந்து சுவரில் காது வைத்தார். பிறகு என்னைத் தூக்கிப் பிடித்தார். ராஜபாளையத்து மில் வாசலில் நின்றால் கேட்குமே, உள்ளே கதிர்கள் ஓடும் ஒரே சீரான இரைச்சல், அதைப் பஞ்சுக்குள் பொதிந்து வைத்ததுபோல இருந்தது.

மணம் ஏன் இரவில் மட்டும் வந்தது என்பது பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. தேனீக்கள் பூவிலிருந்து கொண்டுவரும் மதுவில் பெரும்பாலும் தண்ணீர்தான். அதைச் சுமார் 20 சதவீதத்துக்குக் குறைத்தால்தான் தேன் கெடாது. பகலில் சேர்த்ததை இரவெல்லாம் சிறகால் விசிறி வற்றவைக்கின்றன. இதில், பொந்தில் கூடு கட்டும் நம் அடுக்குத்தேனீக்கு ஒரு தனிப் பழக்கம் உண்டு. ஐரோப்பியத் தேனீ வாசலில் தலையை உள்நோக்கி வைத்து விசிறி, கூட்டின் காற்றை வெளியே தள்ளும். நம்முடையது தலையை வெளியே நீட்டி நின்று, வெளிக்காற்றை உள்ளே தள்ளும். உள்ளே போன காற்று காரையின் விரிசல் வழியே எங்கள் அடுக்களைக்கு வந்தது. வேறு இனமாக இருந்திருந்தால் அந்த மணம் கொல்லையோடு போயிருக்கும்.

கூட்டைக் கலைக்கத் தாத்தா விடவில்லை. எங்கள் ஊர் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயிலை இந்த வட்டாரத்துப் பஞ்சபூதத் தலங்களில் ஆகாயத் தலம் என்பார்கள். சங்கரன்கோவில் மண், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தாருகாபுரம் நீர், தென்மலை காற்று. "ஆகாயம்னா வெறும் வெளி. நம்ம செவத்துக்குள்ளயும் கையகலம் இருந்திருக்கு, வந்து குடியிருக்கு" என்றார். அதன்பின் அந்த மணத்தைக் கொண்டே மாதம் சொல்லப் பழகினோம். தை, மாசியில் சப்பட்டை மாந்தோப்புகள் பூத்தால் கனக்கும். வேம்பு பூக்கையில் ஒரு கசப்பு ஏறும். ஐப்பசி மழையில் இருக்காது, நனைந்த காரையின் வாசம் மட்டும்தான்.

1992-இல் ஒரு காலை, கொல்லைப்புறச் சுவரடியில் வெள்ளைப் புழுக்கள் கிடந்தன. ஒவ்வொன்றும் தண்ணீர் கட்டிய சின்னப் பைபோல. 1991-92-இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவின் அடுக்குத்தேனீக் கூடுகளில் பெரும்பாலானவற்றை அழித்தது. மார்த்தாண்டம் பக்கம் பெட்டி வைத்துப் பிழைத்த குடும்பங்கள் வெறும் பெட்டிகளோடு நின்றன. எங்கள் சுவரும் அடங்கியது. அடுத்த மாசியில் மாம்பூ பூத்தது, மணம் வரவில்லை. தாத்தா ராத்திரியில் எழுந்துபோய்ச் சுவரில் காது வைப்பதை அம்மா பார்த்திருக்கிறாள். அவரிடம் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

வீடு பாகம் பிரிந்து 2009-இல் கைமாறியது. இடித்த அன்று நான் சென்னையில் இருந்தேன். மறுமாதம் போனபோது, சுவரைப் பெயர்த்த கொத்தனார் சொன்னார்: "உள்ள ஒரு பொந்து இருந்துச்சு தம்பி. கறுப்பா மெழுகு, ஒரு கையளவு. வேணும்னு தெரிஞ்சா எடுத்து வச்சிருப்பேன்ல." அது கட்டடக் குப்பையோடு ஏதோ பள்ளத்தை நிரப்பப் போய்விட்டது.

எத்தனையோ தேன் பாட்டில்களைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டேன். எதிலும் அது இல்லை. பாட்டிலில் இருப்பது ஆகிமுடிந்த தேன். எங்கள் சுவரில் மணத்தது, தேன் ஆகிக்கொண்டிருந்த நேரம். அதைக் கடையில் வாங்க முடியாது.

அடுக்குத்தேனீ இப்போது மெல்ல மீண்டிருக்கிறது. பழைய வீடு வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சுவரில் கூடு இருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், தீப்பந்தம் பிடிக்காதீர்கள். தேனீ வளர்ப்பவரைக் கூப்பிட்டால் ராணியோடு பெட்டிக்கு மாற்றித் தருவார். வீட்டை இடித்தே ஆகவேண்டும் என்றால், கடப்பாரை இறங்குவதற்கு முந்தின இரவு அடுக்களை விளக்கை அணைத்துவிட்டுச் சுவரில் ஒருமுறை காது வைத்துப் பாருங்கள்.