பொக்காளி நொய்யும் சாளை மீனும்: ஒரு தெருநாய்க்கான தின்பண்டம் குறித்து

நாய்க்குத் தின்பண்டம் செய்வது ஓர் ஆய்வு மாணவன் எழுதத்தக்க பொருளா என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். என் ஆய்வு பொக்காளி வயல்களின் நீர் மேலாண்மை பற்றியது; களப்பணிக்காகக் கொச்சியை அடுத்த கும்பளங்கியில் தங்கியிருக்கிறேன். ஆய்வேட்டில் இடம்பெற இயலாத, ஆயினும் களத்தில் நான் கற்றவற்றுள் பயன்மிக்கது என்று கருதுகிற ஒன்றை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன். வளாகங்களிலும் விடுதிகளிலும் தெருநாய்களுக்கு உணவிடும் மாணவர் பலர் இதனைப் படிப்பர் என்பதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கும்பளங்கியைப் பெரும்பாலோர் 2019இல் வெளிவந்த திரைப்படத்தின் வழியே அறிவர். காயல் சூழ்ந்த ஊர். சீனவலைகள், கண்டல் காடுகள், வரம்புகளால் பிரிக்கப்பட்ட உப்பங்கழி வயல்கள். மழைக்காலத்தில் உப்பு நீங்கிய நிலத்தில் உயரமாக வளரும் பொக்காளி நெல். அறுவடைக்குப் பின் அதே வயலில் காயல்நீரை ஏற்றி இறால் வளர்ப்பு. சூன் முதல் அக்டோபர் வரை நெல், நவம்பர் முதல் ஏப்ரல் வரை இறால் என்பது பொதுவான முறை. நெல்லின் தாள் மட்கி இறாலுக்கு உணவாகிறது. இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரமாகிறது. உரமும் பூச்சிக்கொல்லியும் இடாமல் இச்சுழற்சி நடைபெறுகிறது.

இவ்வயல்களின் வரம்புகளில் மனிதரைப் போலவே நாய்களும் வாழ்கின்றன. மலையாளத்தில் நாயைப் ‘பட்டி’ என்பர். தமிழில் பட்டி என்பது ஆடுமாடுகளை அடைக்கும் இடம். ஒரே சொல் அங்கே இடத்தையும் இங்கே விலங்கையும் குறிப்பதைக் கேட்ட முதல் வாரத்தில், சங்க இலக்கியத்தின் ‘ஞமலி’யும் ‘ஞாளி’யும் வழக்கொழிந்ததை எண்ணிக்கொண்டேன். தமிழர் நாயை இழிசொல்லாக மட்டும் கண்டவரல்லர். செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கும் போரில் மாண்ட கருந்தேவக்கத்தியின் நினைவாக எழுந்த அக்கல்லில் அவனுடைய நாயும் பொறிக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அதன் பெயரும் அது கள்வரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியும் எழுத்தில் உள்ளன. கருநாடகத்து ஆதகூரில், பன்றியோடு பொருது இறந்த காளி என்னும் வேட்டைநாய்க்கு 10ஆம் நூற்றாண்டில் கல் நட்டனர். காவலுக்கு ஈடாக உணவும் நினைவும் அளித்தல் பழைய ஒப்பந்தம்.

நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் எழுபதைக் கடந்த மூதாட்டி. எல்லாரையும் போல நானும் ‘அம்மாமா’ என்றே அழைக்கிறேன். வயல் வரம்பில் திரிந்த செந்நிறப் பெண்நாய் ஒன்றுக்குச் ‘சுந்தரி’ என்று பெயரிட்டவர் அவரே. ஏறத்தாழ 15 கிலோ எடை. மனிதர் பத்தடிக்குள் வந்தால் ஓடிவிடும். பஞ்சாயத்தின் வெறிநோய்த் தடுப்பூசிக் குழு வலையுடன் வந்த நாளில் அது கண்டல் காட்டுக்குள் புகுந்து மாலைவரை வெளிவரவில்லை. அதன் செவியில் கருத்தடைக்கு அடையாளமான வெட்டுக்குறியும் இல்லை.

அதே வரம்பின் வழியாகத்தான் அண்டை வீட்டுச் சிறுமி பள்ளிக்குச் செல்கிறாள். அவளுடைய தந்தை, சீனவலையில் வேலை செய்பவர், ஒருநாள் என்னிடம், “மோனே, இதற்குச் சோறு போடுகிறவர் இந்த வீட்டில் இருக்கிறீர்கள். ஊசி போடாத பட்டி என் மகளைக் கடித்தால் யார் பொறுப்பு? சோறு போடுவதானால் முழுவதும் ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்” என்றார். குரலில் கோபத்தைவிட அச்சமே மிகுதி. கேரளத்தில் வெறிநாய்க்கடி இறப்புகள் தொடர்ந்து செய்தியாகி வரும் காலம் இது; 2022 செப்டம்பரில் மாநிலம் முழுவதும் தீவிரத் தடுப்பூசி இயக்கம் நடத்த நேர்ந்ததும் அதனாலேயே. நோய்க்குறி தோன்றியபின் ஏறத்தாழ முற்றிலும் உயிர்கொல்லியான நோய் இது. ஆகவே அவருடைய கேள்வி நியாயமானது. அம்மாமா அவரிடம், “சுந்தரிக்கு ஊசி போடும்வரை நானே குழந்தையோடு வரம்பில் நடந்து வருகிறேன்” என்று வாக்களித்தார். அடுத்த மழைக்குள் அந்நாயைக் கைக்கு வரச்செய்ய வேண்டியது என் பங்காயிற்று. அதற்குக் கருவி ஒரு தின்பண்டம்.

அதுவரை சுந்தரி உண்டவை இரண்டு: சுற்றுலாவினர் எறியும் இனிப்பு பிஸ்கட், வீடுகளில் மிஞ்சிய மீன்குழம்புச் சோறு. முன்னது மைதா, சர்க்கரை, பாமாயில் ஆகியவற்றின் கலவை. பின்னதில் உப்பும் மிளகாயும் சின்ன வெங்காயமும் பூண்டும் உண்டு. வெங்காயக் குடும்பத்தின் கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயமே தீங்கு விளைவிக்கப் போதுமானது. வேகவைத்தாலும் அத்தன்மை நீங்காது.

கொச்சியில் டிசம்பரில் மற்றோர் இடரும் உண்டு. கிறிஸ்துமஸ் பிளம் கேக்கின் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. காரணம் நெடுங்காலம் புதிராக இருந்தது. 2021இல் அமெரிக்கக் கால்நடை நச்சியலாளர் சிலர் திராட்சையின் டார்டாரிக் அமிலமே காரணமாகலாம் என்ற கருத்தை முன்வைத்தனர். டார்டார் உப்பு கலந்து வீட்டில் பிசைந்த விளையாட்டு மாவைத் தின்ற நாய்களிடம் அதே சிறுநீரகப் பாதிப்பைக் கண்டதே அதற்குத் தடயம். தமிழ் வீடுகளுக்கு இச்செய்தி முக்கியமானது. நம் புளியில் அவ்வமிலம் மிகுதி. ரசமும் புளிக்குழம்பும் கலந்த சோற்றை நாய்க்கு வைக்கும் வழக்கத்தை நாம் மறுபரிசீலனை செய்ய வேண்டும். சாக்லேட்டும், சர்க்கரையற்ற இனிப்புகளில் சேரும் சைலிட்டாலும் இதே விலக்குப் பட்டியலில் உள்ளவை.

அவ்வாறாயின் எதைக் கொடுப்பது? நாய் ஊனுண்ணி, அதற்கு அரிசி ஆகாது என்ற கருத்து இணையத்தில் பரவலாக உள்ளது. 2013இல் நேச்சர் இதழில் வெளியான ஆக்செல்சன் குழுவின் மரபணு ஆய்வு இதற்கு மாறான சான்று தருகிறது. மாவுப்பொருளைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்குரிய மரபணு ஓநாயிடம் பொதுவாக இரு படிகளே; நாயிடம் 4 முதல் 30 வரை. மனிதன் வேளாண்மைக்கு மாறிய காலத்தில் அவனுடைய எச்சிலிலையோடு நாயும் மாறியது என்பது அதன் பொருள். சோறு உண்ணும் நாய் நம் பண்பாட்டின் பிழையன்று, நம்மோடு சேர்ந்து பரிணமித்த உயிர். எனினும் சோறு மட்டும் போதாது. புரதமும் கொழுப்பும் வேண்டும்.

மூலப்பொருள்கள் அருகிலேயே கிடைத்தன. பொக்காளி நெல்லைக் குத்தும்போது உடையும் நொய்யை இங்கே ‘பொடியரி’ என்பர். நம்மூர் நொய்க் கஞ்சி இங்குப் பொடியரிக் கஞ்சி. மத்தி மீனைக் கொச்சியில் ‘சாள’ என்பர். குமரிக் கடற்கரையின் ‘சாளை’தான் அது. மஞ்சள் பூசணி அம்மாமாவின் கொல்லையில் காய்த்தது. கப்பையை, அதாவது மரவள்ளியை, நான் தவிர்த்தேன். தோலுரித்து நன்கு வேகவைத்து நீரை வடிக்காவிட்டால் அதில் சயனைடு தரும் சேர்மங்கள் எஞ்சும். அவசரத்தில் பலர் செய்யும் பண்டத்தில் அந்த ஐயத்திற்கு இடம் தரலாகாது.

செய்முறை எளிது. 100 கிராம் அளவு தசை கிடைக்கும்படி சாளையைத் தலையும் குடலும் நீக்கி, உப்போ மசாலாவோ சேர்க்காமல் வேகவைக்க வேண்டும். சில மீன்களின் பச்சைத் தசையில் வைட்டமின் பி1ஐச் சிதைக்கும் தயமினேஸ் நொதி உண்டு. வெப்பம் அதனைச் செயலிழக்கச் செய்யும். நடுமுள்ளை நீக்கி மசித்து, வேகவைத்து மசித்த பூசணி 100 கிராம், பொடியரி மாவு 150 கிராம், முட்டை ஒன்று ஆகியவற்றோடு பிசைய வேண்டும். பூசணியின் ஈரமே போதும், தண்ணீர் வேண்டா. எண்ணெய் தடவிய தட்டில் விரற்கடைத் தடிப்பில் பரப்பி இட்லிப் பானையில் 20 நிமிடம் வேகவிட வேண்டும். ஆறியபின் 60 சிறு துண்டுகளாக்கி, தோசைக்கல்லில் மிகக் குறைந்த தீயில் இருபுறமும் ஈரம் வற்றும்வரை வாட்ட வேண்டும். அவன் அடுப்பு தேவையில்லை. காயற்கரையின் ஈரக்காற்றில் வெளியே வைத்தால் இரண்டாம் நாளே பூஞ்சை பிடிக்கிறது. குளிர்பெட்டியில் நான்கு நாள், உறைநிலைப் பெட்டியில் ஒரு மாதம் வைக்கலாம்.

அளவுதான் பலர் எண்ணாத பகுதி. நாயின் ஓய்வுநிலை ஆற்றல் தேவையைக் கணக்கிடக் கால்நடை மருத்துவர் கையாளும் சூத்திரம், கிலோவில் எடையின் 0.75 அடுக்கை 70ஆல் பெருக்குவது. 15 கிலோ நாய்க்கு அது ஏறத்தாழ 534 கலோரி. கருத்தடை செய்த வளர்ந்த நாயின் அன்றாடத் தேவைக்கு அதனை 1.6ஆல் பெருக்கினால் சுமார் 850. தின்பண்டம் இதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது பொதுவிதி; அதாவது 85 கலோரி. மேற்சொன்ன கலவை முழுவதும் சுமார் 830 கலோரி. ஒரு துண்டு ஏறத்தாழ 14. ஆகவே நாளொன்றுக்கு ஆறு துண்டுகள். அவற்றையும் மேலும் சிறிதாகக் கிள்ளிக் கொடுக்கலாம். நாய்க்குப் பரிசின் அளவைவிட அது வரும் தடவைகளின் எண்ணிக்கையே பெரிது.

இனி நடந்தது. முதல் வாரம், வரம்பில் பக்கவாட்டில் திரும்பி அமர்ந்து, கண்ணோடு கண் பாராமல், பத்தடித் தொலைவில் துண்டுகளை வைத்துவிட்டு அகன்றேன். சாளையின் மணம் காற்றில் செல்லும் திசையில் அமர வேண்டும் என்பது சீனவலைக்காரர் சொன்ன அறிவுரை. அச்சத்தோடு பேசியவரே அதையும் சொன்னார். இரண்டாம் வாரம் தொலைவு ஐந்தடியாயிற்று. நான்காம் வாரம் கையிலிருந்து எடுத்தது. ஐந்தாம் வாரம் கழுத்தில் கை வைக்க விட்டது; ஆறாம் வாரம் நாடா. ஒவ்வொரு நாளும் ஒரே நேரம், ஒரே இடம். பள்ளிப் பிள்ளைகள் நடக்கும் பொழுதைத் தவிர்த்தோம். 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும் உணவிடும் இடம் குழந்தைகள் விளையாடும் பகுதிகளிலிருந்தும் கட்டட வாயில்களிலிருந்தும் விலகி இருக்க வேண்டும் என்றே கூறுகின்றன. 2025 ஆகஸ்ட் 22இல் உச்ச நீதிமன்றம், கண்ட தெருக்களில் உணவிடுவதை விலக்கி, அதற்கென இடங்களை ஒதுக்குமாறு உள்ளாட்சிகளைப் பணித்தது. இவை நாய்மீதான பகை என்று சிலர் வாதிடுகின்றனர். களத்தில் எனக்குத் தோன்றியது வேறு: நேரமும் இடமும் மாறாதிருப்பதே அஞ்சும் நாயைப் பழக்குவதற்கும் வழி, அஞ்சும் அண்டைவீட்டாரைத் தேற்றுவதற்கும் வழி.

ஏழாம் வாரம் கால்நடை மருத்துவர் வந்தார். சுந்தரி ஐந்தாம் துண்டை மென்றுகொண்டிருக்கையில் ஊசி முடிந்தது, சில நொடிகள்தாம். பின்னர்க் கருத்தடைக்கு எடுத்துச்செல்லப்பட்டு, செவியில் வெட்டுக்குறியோடு அதே வரம்புக்குத் திரும்பியது. சிறுமி இப்போது தனியே பள்ளிக்குச் செல்கிறாள். நாயைத் தொடுவதில்லை, ஓடுவதுமில்லை. அவளுடைய தந்தை ஊசிச் சீட்டை வாங்கித் தேதியைப் படித்துப் பார்த்து, அடுத்த ஆண்டு எந்த மாதம் என்று கேட்டுக்கொண்டார்.

1860களில் இலண்டனில் ஜேம்ஸ் ஸ்பிராட் நாய் பிஸ்கட்டை வணிகமாக்கியதிலிருந்து, தின்பண்டம் என்பது அன்பின் அடையாளமாக விற்கப்பட்டு வருகிறது. வீட்டில் செய்வதன் பயன், அதில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரிவதே. ஆனால் அது உடல்நலத்தின் பாதி. மற்றப் பாதி ஊசியிலும் கருத்தடையிலும் உள்ளது. ஒரு பகுதியின் நாய்களில் 70 விழுக்காடு தடுப்பூசி பெற்றிருந்தால் வெறிநோய்ச் சங்கிலி அறும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் நெடுநாளைய அளவுகோல். வலைக்கு அகப்படாத நாய்களே அவ்விலக்கை எட்டவிடாமல் தடுப்பவை. அவற்றை எட்டக்கூடியவர் நாள்தோறும் உணவிடுவோரே.

ஆகவே ஆசிரியர்களுக்கும் சக மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் விடுதி வாயிலில் நாய்க்கு பிஸ்கட் போடுவோரைத் தடுக்கவும் வேண்டா, புகழவும் வேண்டா; இரு கேள்விகளை மட்டும் கேளுங்கள்: இதற்கு ஊசி போட்டது எப்போது? செவியில் குறி இருக்கிறதா? விடை இல்லையெனில் மேற்சொன்ன கலவையைச் செய்து கொடுத்து, ஆறு வாரம் பழக்கி, கால்நடை மருத்துவரை அழையுங்கள். பழக்குவோரும் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்வது நன்று. கடிபட்டால், கீறல்பட்டாலும்கூட, புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்; ஊசித் தவணைகளில் ஒன்றையும் விடாதீர்கள்.