முழங்காலும் பாகைமானியும்

நவராத்திரி முதல் நாள்

மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்தோம். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்குள் கார் திரும்பாது. முனையில் இறங்கி, வாக்கரை ஊன்றிக்கொண்டு நடந்தேன். எதிர்வீட்டு ஆச்சி திண்ணையிலிருந்து எழுந்தே விட்டாள். "என்ன டீச்சர், தையல்கூடப் பிரிக்கல, அதுக்குள்ள நடக்க விட்டுட்டாங்களே!" முட்டி மாற்று ஆபரேஷன் ஆன மறுநாள் காலையிலேயே என்னை எழுப்பி நிற்க வைத்தார்கள் என்று சொன்னால் அவள் நம்பமாட்டாள்.

நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது இவர் வீட்டையே மாற்றி வைத்திருக்கிறார். கால்மிதிகள் சுருட்டிப் பரணில் ஏறிவிட்டன. நடைவழியில் குறுக்கே கிடந்த டேபிள் ஃபேன் ஒயர் சுவரோரம் போய்விட்டது. குளியலறையிலும் கக்கூஸிலும் ஸ்டீல் கைப்பிடி. தாழ்வான இடத்திலிருந்து எழுந்தால் முட்டிக்குப் பாரம் என்று கட்டில் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தியிருக்கிறார். குத்த வைக்கும் கக்கூஸை இடித்து வெஸ்டர்ன் போட்ட வேலை ஆடியிலேயே முடிந்துவிட்டது.

இரவு. ஆஸ்பத்திரியில் போட்ட மருந்தின் பிடி விட்டுக்கொண்டிருக்கிறது. மருமகள் ஒரு தலையணையை முழங்காலுக்கு அடியில் செருகினாள். கால் லேசாக மடங்கியதும் அப்படி ஒரு சுகம்.

மறுநாள்

பிசியோதெரபிப் பெண் வந்தாள். முதல் காரியமாக அந்தத் தலையணையை உருவினாள். "முட்டிக்கு அடியில எதுவும் வைக்கக் கூடாது டீச்சர். மடங்கியே இருந்தா அப்படியே நின்னுரும்." துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்தாள். முட்டி அந்தரத்தில் தொங்கி, தன் பாரத்தாலேயே கீழ்நோக்கி நீண்டது. சுகம் போய் வலி வந்தது.

அடுத்துக் கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தாள். இரத்தம் உறைந்து கட்டினால் அங்கேதான் வலியும் வீக்கமும் தெரியும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்வதும் அதற்காகத்தான்.

பிறகு பையிலிருந்து ஒரு பாகைமானியை எடுத்தாள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக், நடுவில் முழுவட்டம், இரண்டு நீளக் கைகள். வட்டத்தை முழங்காலின் வெளிப்பக்கம் வைத்து, ஒரு கையை இடுப்பெலும்பை நோக்கியும் மற்றதைக் கணுக்கால் எலும்பை நோக்கியும் பிடித்தாள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கோணம் நடத்தியே தலை நரைத்தவள் நான். நேர்கோட்டை 180 என்பது எங்கள் கணக்கு. இவர்களுக்கு நீட்டிய கால் 0. அங்கிருந்து எவ்வளவு மடங்குகிறது என்பதுதான் அளவு. என் கால் 68 வரை மடங்கியது. நீட்டும்போது 0 வரவில்லை, 6 பாகை குறை.

"சமதரையில நடக்க எழுபது போதும். மாடிப்படிக்குத் தொண்ணூறு வேணும். நாற்காலியிலருந்து கையூணாம எழுந்திரிக்க நூறுக்கு மேல. ஆனா எனக்கு முதல்ல அந்த ஜீரோ வேணும் டீச்சர். கால் நேராகலைன்னா ஆயுசுக்கும் சாய்ஞ்சு சாய்ஞ்சுதான் நடக்கணும்" என்றாள். ஆஸ்பத்திரியில் கையில் கொடுத்த ஆங்கிலத் தாளில் படங்கள் இருந்தன. இந்தக் காரணம் இல்லை. எதற்காக வலியைப் பொறுக்கிறோம் என்று தெரிந்துகொண்டால் பொறுக்க முடிகிறது.

வெள்ளி

அம்பாசமுத்திரத்து மைனி போனில் அழுதாள். அவளுக்கு ஆபரேஷன் ஆனது போன வருஷம். பிள்ளைகள் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். குடிக்கத் தண்ணீர்கூடக் கட்டிலுக்கு வந்தது. பிசியோ வந்து மடக்கும்போது அம்மா கத்துகிறாளே என்று பெரியவன் அந்த ஆளையே வேண்டாமென்று நிறுத்திவிட்டான். அறுத்த இடம் ஆறும்போது மூட்டுக்குள் தழும்புத் திசு வளரும். கால் அசைந்துகொண்டிருந்தால் அது இளகிக் கொடுக்கும். அசையாமல் கிடந்தால் இறுகிக்கொள்ளும். மைனிக்கு இறுகிவிட்டது. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய், மயக்க மருந்து கொடுத்துக் காலை மடக்கிவிட வேண்டியதாயிற்று. இன்றைக்கும் பஸ் படி ஏற அவளுக்கு ஆள் வேண்டும்.

நம் வீடுகளில் பாசத்துக்குப் படுக்கவைக்கத்தான் தெரியும். காய்ச்சலுக்கு அது சரி. புது முட்டிக்கு அது கேடு. மருமகளை அருகில் உட்காரவைத்து மைனி கதையைச் சொன்னேன். "சரி அத்தை, இனி நான் தண்ணி கொண்டார மாட்டேன்" என்றாள், கண் கலங்கியபடி. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை என்னை எழுப்பி நடக்கவைப்பது இனி அவள் பொறுப்பு.

சரஸ்வதி பூஜை

கொலுவுக்குத் தெருப் பெண்கள் வந்தார்கள். எல்லாரும் பாயில், நான் நாற்காலியில்.

சம்மணம் போடக் கூடாது, குத்தவைக்கக் கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு. அப்படி முழுக்க மடக்கினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கின் மேல் பாரம் ஓரிடத்தில் விழுந்து சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆபரேஷனுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போடும்போது இது பெரிதாகத் தோன்றவில்லை. இன்று தோன்றியது. பிறந்ததிலிருந்து என் வாழ்க்கை தரையில்தான் நடந்திருக்கிறது. அருவாமனை, பூக்கட்டு, பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியது, நெல்லையப்பர் கோயில் பிரகாரத்தில் கால் நீட்டி உட்கார்ந்து பேசியது, பந்தியில் பக்கத்து இலைக்காரியோடு தோள் இடித்துச் சாப்பிட்டது. சுண்டல் கிண்ணத்தைக் குனிந்து நீட்டியபோது எல்லாரையும் உயரத்திலிருந்து பார்க்கிற மாதிரி இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

வலி முற்றிய பிறகு தரையில் உட்காருவதை நானே நிறுத்திவிட்டேன் என்பதும் உண்மை. உட்கார்ந்தால் எழ முடியாது என்று கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டிருந்தேன். இழந்தது ஆபரேஷனால் இல்லை. ஆனாலும் வருத்தம் வருத்தம்தான். அதை மறைத்துக்கொண்டு ‘எல்லாம் சரியாகிவிட்டது’ என்று சொல்ல எனக்கு மனமில்லை.

விஜயதசமிக்கு மறுநாள்

ஸ்டேப்லர் பின்களை எடுத்தார்கள். எக்ஸ்-ரேயும் எடுத்தார்கள். தொடை எலும்பின் முனைக்குக் கோபால்ட்-குரோமிய உலோகத்தில் ஒரு தொப்பி, கீழெலும்பின் தலையில் டைட்டானியத் தட்டு. இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாத இடைவெளி. "அங்கதான் பாலிஎதிலீன் இருக்கு, எக்ஸ்-ரேல தெரியாது" என்றார் டாக்டர். என் உடம்பின் பாரம் முழுவதும் அந்தத் தெரியாத துண்டின் மேல்தான்.

இவருக்கு வாஜ்பாய் ஞாபகம் வந்துவிட்டது. 2000இல் ஒரு முட்டி, 2001இல் மற்றது, பிரதமராக இருக்கும்போதே மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் மாற்றிக்கொண்டார். செய்தவர் அமெரிக்காவிலிருந்து வந்த சித்தரஞ்சன் ரணாவத். 1970களில் நியூயார்க்கில் ஜான் இன்சாலோடு சேர்ந்து, இன்று உலகமெங்கும் வைக்கிற செயற்கை முட்டிகளுக்கெல்லாம் முன்னோடியான வடிவத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். அப்போதெல்லாம் இது பெரிய மனிதர்கள் வைத்தியம். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முட்டிக்கு உச்ச விலை கட்டியது; அதிகம் பயன்படுகிற கோபால்ட்-குரோமிய முட்டிக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய். அதற்கு முன் ஒன்றரை லட்சத்தைத் தாண்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள். இங்கே முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு ஆஸ்பத்திரிகளிலும் செய்கிறார்கள். எங்கள் தெருவில் பூ விற்கிறவளும் இனி வலியோடு கிடக்க வேண்டியதில்லை. இதைவிட நல்ல செய்தி எனக்கு இல்லை.

கோணம் 86. நீட்டினால் 2 குறை.

ஐப்பசி, மழை இரவு

தூக்கம் வரவில்லை. பகலில் பொறுக்கிற வலி இரவில் தொடையிலும் கெண்டையிலும் பரவுகிறது. ஐஸ் பையைத் துணியில் சுற்றி வைத்தால் கொஞ்சம் அடங்குகிறது. காரணம் இல்லாமல் அழுகை வருகிறது. பிசியோப் பெண்ணிடம் சொன்னேன். "எல்லாருக்கும் வரும் டீச்சர், யாரும் வெளிய சொல்றதில்ல" என்றாள். சொல்ல வேண்டும். இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் இப்படித்தான் இருக்கும், நாளாக நாளாகக் குறையும் என்று எனக்கு முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால் அந்த இரவுகள் இத்தனை நீண்டிருக்காது.

தழும்பின் வெளிப்பக்கம் தொட்டால் தொட்ட மாதிரியே இல்லை. தோலுக்குப் போகும் சிறு நரம்புக் கிளைகள் அறுபடுவதால் அப்படி. போகப்போக அந்த மரத்த இடம் சுருங்கும். சிலருக்குக் கொஞ்சம் நிலைத்தும் விடும். மூட்டுக்குக் கேடில்லை.

தீபாவளி

ஸ்டூலில் உட்கார்ந்து எண்ணெய்க் குளியல். மச்சுப்படி ஏறினேன். ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது ஆபரேஷன் கால் முன்னே. பேத்தி பின்னாலேயே "ஆச்சி, நல்ல கால்! ஆச்சி, நல்ல கால்!" என்று கட்டளையிட்டுக்கொண்டு வந்தாள். மேலே போய்த் தெருவை ஒரு நோட்டம் பார்த்துவிட்டு இறங்கினேன். கோணம் 104. நீட்டினால் 0.

கந்தசஷ்டி

வாக்கர் போய்க் கைத்தடி வந்தாயிற்று. திருச்செந்தூர் சூரசம்ஹாரத்தை டிவியில் பார்த்தோம். நடக்கும்போது உள்ளே லேசாக ‘டக்’ என்கிறது. உலோகமும் பிளாஸ்டிக்கும் தட்டிக்கொள்ளும் சத்தம். வலி இல்லாதவரை பயமில்லை. முட்டி மாலையானால் இன்னும் சூடாகிறது. சில மாதம் அப்படித்தான் இருக்குமாம். சூட்டோடு காய்ச்சல், சிவப்பு, தழும்பில் நீர்க்கசிவு என்று ஏதாவது சேர்ந்தால் அன்றே டாக்டரிடம் ஓட வேண்டும்.

கணக்கு எழுதினேன். ஆபரேஷன், கட்டில், மருந்து, முட்டி எல்லாவற்றுக்கும் எங்கள் காப்பீடு கொடுத்தது. வீட்டுக்கு வந்த பிசியோவுக்கு ஒரு பைசா இல்லை. எங்களிடம் பென்ஷன் இருந்தது, கொடுத்தோம். இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? முட்டியை வாங்கிக் கொடுத்துவிட்டு, அதை மடக்கக் கற்றுக்கொடுக்கிறவரை மட்டும் உங்கள் செலவில் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது நியாயமே இல்லை. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபியும் வீடு தேடி வருகிறது. இப்படி ஒன்று இருப்பது ஆபரேஷன் செய்துகொள்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்லப்பட வேண்டும்.

திருக்கார்த்திகை

வாசல் தெளித்து, நின்றபடி இடுப்பை வளைத்து நானே கோலம் போட்டேன். கோணம் 116. பிசியோப் பெண் பாகைமானியைப் பைக்குள் வைத்துவிட்டு, இனி தினமும் நடந்தால் போதும் என்றாள்.

மாலையில் பழைய பள்ளிக்கூடத் தோழி வந்தாள். தை மாதம் அவளுக்கு ஆபரேஷன். எந்தக் கம்பெனி முட்டி நல்லது, எந்த டாக்டர் கைராசி என்று கேட்டாள். அதையெல்லாம் விசாரிக்க வேண்டியதுதான். நான் வேறொன்றைக் கேட்டேன்: வீட்டுக்கு வந்து காலை மடக்கப் போகிறவர் யார் என்று. அதைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை.

அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். நாள் குறித்திருப்பவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே பிசியோவுக்கு ஆள் பேசி வையுங்கள், கைப்பிடிகளைப் போட்டுவிடுங்கள், தொடைத் தசைக்கான பயிற்சியை இன்றே ஆரம்பியுங்கள். பிள்ளைகளே, அம்மா வலியில் கத்தினால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிசியோவை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.