22 வாட் போதும்

பிள்ளையைக் கிட்டார் வகுப்பில் சேர்க்கும்போது நாங்கள் யாரும் ஆம்ப் பற்றி யோசிப்பதில்லை. நாலைந்து வருஷம் கழித்து அவள் நண்பர்களோடு ஒரு பேண்ட் தொடங்கி, "அம்மா, மேடைக்கு எனக்கு டியூப் ஆம்ப் வேணும்" என்று கேட்கும்போதுதான் முழிக்கிறோம். என் மகளுக்குப் பதினாலு வயது. ட்ரம்ஸ், பேஸ், கீபோர்ட், கிட்டார் என்று நாலு பேர். பள்ளிக்கூட மண்டபம், பிறந்தநாள், ஊர்ச் சங்கத்துக் கலைவிழா இவைதான் அவர்களுடைய மேடைகள். இதே கேள்வி உங்கள் வீட்டுக்கும் வரலாம் என்பதால், நான் தேடிப் படித்ததையும் கடைகளில் கேட்டறிந்ததையும் எழுதுகிறேன்.

டியூப் என்று பிள்ளைகள் சொல்வதைத்தான் என் அப்பா வால்வு என்கிறார். யாழ்ப்பாணத்தில் அவர் வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருந்ததாம். "பட்டனை அமத்திப்போட்டுக் கொஞ்சம் பொறுக்க வேணும். சூடாகினாத்தான் பாட்டு வரும்" என்று பேத்திக்கு விளக்கினார். கிட்டார் ஆம்பும் அப்படித்தான். கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கிற இழை சூடேறினால்தான் அதற்குள் மின்னோட்டம் ஓடும்.

ட்ரான்சிஸ்டர் வந்து இத்தனை காலமாகியும் ஏன் இந்தப் பழைய சாமான்? என் வேலை மென்பொருள் எழுதுவது. ஒரு டியூப் ஆம்பின் நடத்தையை நிரலாக்கி ஒரு சிப்புக்குள் போடலாம். ஃபென்டர் நிறுவனம் 2019இல் தன் டீலக்ஸ் ரிவேர்ப் ஆம்பை அப்படியே டிஜிட்டலில் செய்து வெளியிட்டது. எடையும் கிட்டத்தட்டப் பாதிதான். கடையில் நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டபோது எனக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. மகளுக்குப் பிடிபட்டது, ஆனால் காதில் இல்லை, கையில். மெதுவாகத் தட்டினால் தெளிவாக ஒலிக்கிறது. அழுத்தித் தட்டினால் அதே சுரம் கரகரத்து விரிகிறது. கிட்டாரின் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் திரும்பவும் தெளிவு. "என்ர கைக்குப் பதில் சொல்லுது அம்மா" என்றாள். கைப்பக்குவத்தைக் கற்றுக்கொடுக்கும் கருவி என்றால் அதற்குச் செலவழிக்கலாம் என்று பட்டது. வீட்டில் மட்டும் வாசிக்கிற பிள்ளைக்கு டிஜிட்டலே தாராளம்.

அடுத்த கேள்வி எத்தனை வாட். மகள் ஆசைப்பட்டது ஃபென்டர் ட்வின் ரிவேர்ப். 85 வாட், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர், ஏறக்குறைய 29 கிலோ. நான் பார்த்து வைத்தது அதன் தம்பி, டீலக்ஸ் ரிவேர்ப். 22 வாட், ஒரு ஸ்பீக்கர், 19 கிலோ. நாலு மடங்கு வாட் என்றால் நாலு மடங்கு சத்தம் என்றுதான் யாரும் நினைப்போம். அப்படி இல்லை. வாட் இரட்டிப்பானால் 3 டெசிபெல்தான் கூடும். 22இலிருந்து 85க்குப் போனால் ஏறத்தாழ 6 டெசிபெல். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்றவே பத்து மடங்கு வாட் வேண்டும்.

ஆனால் அதே கணக்கைச் செவியின் பாதுகாப்புக்குப் போட்டால் கதை வேறு. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்வரை இருக்கலாம் என்கிறது. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 94இல் ஒரு மணி நேரம். 100இல் 15 நிமிஷம். கேட்பவருக்கு "கொஞ்சம் கூட" என்று படுகிற அந்த 6 டெசிபெல், ஒரு மணி நேர ஒத்திகையைக் கால் மணியாக்கிவிடுகிறது. உட்செவியில் இருக்கிற நுண்மயிர் அணுக்கள் செத்தால் திரும்ப முளைக்காது.

இது எனக்குப் புத்தகக் கணக்கு இல்லை. அப்பா ஊரில் தமிழ் ஆசிரியர். கனடா வந்து ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் 19 வருஷம் இயந்திரங்களுக்கு நடுவே நின்றார். காதடைப்பான் ஒரு பெட்டியில் கிடந்ததாம். போடு என்று ஒருத்தரும் சொல்லவில்லையாம். இப்போது இரண்டு காதிலும் கருவி. மேல்தொனிகள் முதலில் போய்விட்டன. "பேத்தி கதைச்சா உயிரெழுத்துக் கேக்குது பிள்ளை, மெய்யெழுத்துத்தான் விழுந்துபோகுது" என்பார். மகள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ட்வின் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. நானும் எழுப்பவில்லை.

சின்ன ஆம்பில் இன்னொரு நன்மை உண்டு. டியூப் கொஞ்சம் கஷ்டப்பட்டு உழைக்கும்போதுதான் அந்தக் கரகரப்பு வரும். 85 வாட் ஆம்பைப் பள்ளி மண்டபத்தில் 2க்கு மேலே திருப்ப ஏலாது; எதற்காக வாங்கினோமோ அது கேட்கவே கேட்காது. அதற்காக 5 வாட்டுக்கு இறங்கினால் ட்ரம்ஸ் அமுக்கிவிடும், தெளிவான ஒலியும் சீக்கிரம் உடைந்துவிடும். இவர்கள் வாசிப்பதில் பாதி ரஹ்மான், ராஜா பாட்டுகள். அதற்குத் தெளிவான ஒலி வேண்டும். ராக் மட்டும் என்றால் 15 வாட் ப்ளூஸ் ஜூனியர் போதும், 14 கிலோதான். மண்டபம் பெரிதானால் ஆம்பைக் கூட்ட வேண்டாம். ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு மைக் வைத்து மண்டபத்துச் சவுண்ட் சிஸ்டத்தில் கொடுங்கள்.

கடைக்குப் போகும்போது பிள்ளையின் சொந்தக் கிட்டாரையும் பெடலையும் கொண்டுபோங்கள். படுக்கையறைச் சத்தத்தில் இல்லாமல், மேடையில் வைக்கப்போகிற சத்தத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் மூன்று மீட்டர் தள்ளி நின்று கேளுங்கள். ஐபோனில் நியோஷின் சத்தம் அளக்கும் செயலி இலவசம்.

நாங்கள் வாங்கியது பழையது. புதிது ஆயிரம் டொலருக்கு மேலே. பழையது பார்க்கும்போது இருபது நிமிஷமாவது ஓடவிடுங்கள். டியூபுக்குள் இழை செம்மஞ்சளாக மின்னுவது சரி. அதைச் சுற்றியிருக்கிற உலோகத் தகடே சிவந்தால் கோளாறு. எரிந்த மணம் வந்தால் விட்டுவிடுங்கள். வாங்கினபிறகு இரண்டு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆம்பைப் போடக்கூடாது, ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும். பெட்டியைத் திறக்கவே கூடாது. உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட். ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் கப்பாசிட்டரில் தங்கியிருக்கும். பழுதானால் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மேடையில் ஆம்பைத் தரையில் வைத்தால் சத்தம் வாசிப்பவரின் முழங்காலுக்குப் போகும். கூரான தொனி நேரே மூன்றாவது வரிசைக்குப் போகும். தனக்குக் கேட்கவில்லை என்று பிள்ளை இன்னும் கூட்டும். ஒரு சின்ன ஸ்டாண்டில் சாய்த்து அவள் காதை நோக்கித் திருப்பிவிட்டால் தானாகவே குறைப்பாள். சொந்தக் காசில் அப்பா வாங்கிக் கொடுத்தது இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான். பஞ்சு மாதிரி எல்லாவற்றையும் மூடாமல், தொனி மாறாமல் சத்தத்தை மட்டும் குறைக்கும். அது இல்லாமல் ஒத்திகை இல்லை என்பது பேத்திக்கு அவர் போட்ட ஒரே நிபந்தனை.

கலைவிழாவில் அவர் மூன்றாவது வரிசையில்தான் இருந்தார். முடிந்து வெளியே வந்தபோது, "எப்படி அம்மப்பா?" என்று மகள் கேட்டாள். "கிட்டார் வடிவாக் கேட்டது. ட்ரம்ஸ்தான் கூடிப்போச்சு" என்றார்.

ட்ரம்ஸுக்கு வால்யூம் பட்டன் கிடையாது. அந்தப் பையனின் பெற்றோரும் இந்த இதழை வாசிப்பவர்கள் என்பதால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.