ஓரிரு இடங்களில் இடியுடன்...

என் ஆபீசில் பக்கத்து சீட்காரருக்கு 'மேகநாதர்' என்று பட்டப்பெயர். நிஜப் பெயர் வேறு. ஏப்ரல் பிறந்துவிட்டால் மனிதருக்கு ஃபைலில் கண் நிற்காது. மேற்குப் பக்க ஜன்னலிலேயே குடியிருப்பார். தூரத்தில் ஒரு துண்டு மேகம் தலைதூக்கினால் போதும். "சார்... சார்... அங்கே பாருங்க, காலிஃப்ளவர்!" என்று கத்துவார். பார்ப்பேன். எனக்கு அது மேகமாகத்தான் தெரியும்.

ஊரே கத்திரி வெயிலைத் திட்டிக்கொண்டிருக்க, இவர் மட்டும், "நல்லா காயட்டும் சார். காய்ஞ்சாத்தான் வெடிக்கும்" என்பார். வெயில் அவருக்கு ஃபிக்சட் டெபாசிட். வட்டி சாயந்திரம் இடியும் மழையுமாக வருமாம். 2003 மே 31-ம் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் கொளுத்தியதே, அன்று பகல் முழுக்க மொட்டை மாடியில் நின்றிருக்கிறார். எதற்கு என்று கேட்டேன். "சும்மாத்தான் சார்... அப்படி ஒரு நாள் திரும்ப வருமா?"

இவர் ஒருத்தர்தான் இப்படி என்று நினைத்தேன். இல்லை, ஒரு கோஷ்டியே இருக்கிறது! ஒருவர் பேங்க்காரர், இன்னொருவர் மெடிக்கல் ரெப். மற்றவர்கள் கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதுபோல இவர்கள் மழை ஸ்கோர் சொல்வார்கள். "2023 ஜூன் 18 ராத்திரி எங்கே இருந்தீங்க?" என்று ரெப் என்னைக் கேட்டபோது, ஏதோ கொலைக் கேஸ் விசாரணை என்று பயந்துவிட்டேன். மீனம்பாக்கத்தில் மறுநாள் காலைக்குள் சுமார் 16 செ.மீ. கொட்டித் தீர்த்த இரவாம். "தூங்கிட்டிருந்தேன்" என்றேன். மூன்று பேரும் என்னை துக்க வீட்டுக்காரனைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்கள்.

டி.வி.யில் 'ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்' என்கிறார்களே, அதற்குக் கணக்கு இருப்பதே இவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. மழை அளக்கும் நிலையங்களில் நூற்றுக்கு 25 வரை பெய்தால் 'ஓரிரு இடங்கள்'. 50 வரை 'ஒரு சில இடங்கள்'. அதற்கு மேலே 'பல இடங்கள்'. நான் இத்தனை வருஷமாக அதைத் தப்பித்துக்கொள்ளும் வார்த்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கோடையில சாயந்திரம் மெட்ராஸுக்கு வர்ற மழை எங்கே பிறக்குதுன்னு பார்த்திருக்கீங்களா சார்?" என்றார் மேகநாதர் ஒருநாள். "பெரும்பாலும் மேற்கே... ஜவ்வாது மலைப் பக்கம். வாங்க, பிரசவ ஆஸ்பத்திரியைப் போய்ப் பார்த்துட்டு வருவோம்."

வைகாசி பிறந்து பத்து நாளுக்குள் ஒரு சனிக்கிழமை. வீட்டில் சொன்னதும் வந்த கேள்வி, "நான் வடாம் பிழியப் போறேன். இங்கே மழை வருமா வராதான்னு அவரைக் கேட்டுச் சொல்லிட்டுப் போங்க." கேட்டேன். "சென்னைக்கு இன்னிக்குக் காத்து சாதகமா இல்லை. தாராளமா பிழியலாம்" என்று சோகமாகச் சொன்னார்.

விடியற்காலை ரயில். ஆம்பூர் வந்ததும் எனக்கு பிரியாணி ஞாபகம் வந்தது. மேகநாதருக்கு ஈரப்பதம் ஞாபகம் வந்தது. வாணியம்பாடியில் இறங்கினோம். அதைத் தாண்டினால் ஜோலார்பேட்டை. 2019 ஜூலை 12-ம் தேதி 50 வேகனில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு சென்னைக்கு வந்ததே ஒரு ரயில், அது கிளம்பியது அங்கேதான். அந்தக் கோடையில் லாரிக்குப் பின்னால் நான் குடத்தோடு ஓடிய ஓட்டம் ஆபீசில் யாருக்கும் தெரியாது. மழைப் பைத்தியங்களைக் கிண்டல் செய்ய எனக்கு அவ்வளவாக யோக்யதை இல்லைதான்.

ஆலங்காயம் வழியாக பஸ் மலை ஏறியது. வழியில் எங்கோ மயில் அகவியது. "மேகத்தைப் பார்த்து ஆடின மயிலை, குளிர்ல நடுங்குதுன்னு நினைச்சுப் போர்வை குடுத்தாரே பேகன்... வானிலையைத் தப்பாக் கணிச்சும் பேர் வாங்கின ஒரே ஆள் அவர்தான்" என்றேன். மூவரும் சிரிக்கவில்லை. அவர்கள் தொழிலை நான் தொட்டுவிட்டேன் போலிருக்கிறது.

காவலூரில் மரங்களுக்கு நடுவே வெள்ளைக் குமிழ் தெரிந்தது. வைனு பாப்பு வானாய்வு நிலையம். உள்ளே 2.34 மீட்டர் தொலைநோக்கி. 1986-ல் ராஜீவ் காந்தி அதற்கு வைனு பாப்புவின் பெயரைச் சூட்டினார். இந்த ஆய்வு நிலையத்துக்குப் பூர்வீகம், 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய மெட்ராஸ் அப்சர்வேட்டரி. அதே வளாகத்தில்தான் இன்றைக்கு நமக்கு மழை சொல்கிற வானிலை மையமும் இருக்கிறது. பங்காளிகள் பாகம் பிரித்த கதைதான். நட்சத்திரம் பார்க்கிறவர்கள் 1899-ல் கொடைக்கானல் போய், பிறகு மேகமில்லாத வானம் தேடி இங்கேயும் வந்தார்கள். அவர்கள் 'மேகம் வரக் கூடாது' என்று வேண்டிக்கொள்கிற மலைக்கு, 'மேகம் வரணும்' என்று நாங்கள் நாலு பேர் டிக்கெட் எடுத்து வந்திருக்கிறோம். சாமி யார் பேச்சைக் கேட்கும்?

காவலூர் தாண்டி ஒரு சின்ன ஊரில் இறங்கினோம். பத்துப் பதினைந்து வீடு. பலாமரங்கள். சரிவில் காய்ந்து கிடக்கும் கொல்லைகள். மேகநாதர் பையிலிருந்து ஒரு மழைமானியை எடுத்தார். பெரிய விஷயமில்லை, புனல் வைத்த ஒரு குழாய். மரத்துக்கும் சுவருக்கும் தள்ளி வெட்டவெளியில் நட வேண்டுமாம். பார்த்த இடம் ஒரு பெரியவரின் கொல்லை.

"இன்னா சாரு அது?"

"மழை அளக்கறதுக்குங்க அய்யா."

"வந்தாத்தான அளக்கறதுக்கு" என்றார் பெரியவர். மறுக்கவில்லை. கடப்பாறையை அவரே கொண்டு வந்தார். தரையில் ஒரு குத்து குத்தினார். 'ணங்' என்றது. மூன்று விரல் அளவுகூட இறங்கவில்லை. சாமை விதைக்கிற கொல்லை. அதற்கு முன்னால் கோடை உழவு ஒன்று ஓட்டியாக வேண்டும். மாடு அவருடையதில்லை. பங்காளிகள் நாலு குடும்பத்துக்கு ஒரு ஜோடி ஏர்மாடு, முறை வைத்து ஓட்டுகிறார்கள்.

"நாளைக்கு எம் மொறை. இன்னிக்குப் பேஞ்சாத்தான் உண்டு. உட்டா எட்டு நாளு ஆவும்" என்றவர், மேகநாதரை நேராகப் பார்த்துக் கேட்டார். "மழய அளக்கறவரு... நீங்களே சொல்லுங்க, இன்னிக்கு வருமா?"

ஆபீசில் தினம் நாற்பது பேருக்குக் கேட்காமலேயே வானிலை சொல்லுகிறவர், தடுமாறினார். "அது வந்துங்க அய்யா... ஓரிரு இடங்கள்ல..."

"எங்க கொல்லை அந்த ரெண்டுல ஒண்ணா?"

மேகநாதருக்கு பதில் இல்லை. எனக்கென்னவோ, இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் நிஜமாக மழையைப் பற்றிக் கேட்டதே இல்லை என்று தோன்றியது.

மதியம் ஒரு மணிக்குத் தலைக்கு மேல் நீலம். ஊருக்கு மேலே ஒரு மொட்டைப் பாறை இருந்தது. செல்போனுக்கு டவர் கிடைக்கிற ஒரே இடம் அதுதான். சென்னைத் துறைமுகத்தில் 2002 முதல் சுற்றிக்கொண்டிருக்கும் ரேடாரின் படத்தைப் பார்க்க மூவரும் அதன்மேல் ஏறி நின்றார்கள். மலைக்கு வந்து, வானத்தை விட்டுவிட்டு, வானத்தின் படத்தைக் கையில் பார்க்கிறவர்களை நான் அன்றுதான் பார்த்தேன்.

நிழலே இல்லை. பொசுக்கியது. ரெப்தான் எனக்குப் பாடம் எடுத்தார். பகலெல்லாம் தரை கொதித்து, காற்று சூடாகி மேலே போகிறது. மதியத்துக்கு மேல் வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்று உள்நாட்டுக்குள் நுழைகிறது. எதிரே மேற்கிலிருந்து வறண்ட காற்று. இரண்டும் முட்டிக்கொள்கிற இடத்தில் மேலே ஏறுவதைத் தவிர வழியில்லை. அங்கே ஒரு மலையும் இருந்துவிட்டால், ஏணி வைத்த மாதிரி. ஏறிய ஈரம் குளிர்ந்து மேகமாகிறது. மேகமாகும்போது வெளியாகிற வெப்பம் அதை இன்னும் மேலே தள்ளுகிறது. நல்ல இடிமேகம் 15 கிலோமீட்டர்கூடப் போகும். விமானமே 11 கிலோமீட்டர் உயரத்தில்தான் பறக்கிறது. மேலே பனிக்கட்டிகளும் பனித்துகள்களும் இடித்து உரசி மின்சாரம் சேர்கிறது. அப்புறம் பளிச்... படார்!

இரண்டரைக்கு முதல் காலிஃப்ளவர் எழுந்தது. "வா... வா... வா..." என்று மூன்று பேரும் குழந்தைக்கு நடை பழக்குவதுபோல் கூப்பிட்டார்கள். கால் மணியில் அது சப்பென்று கரைந்துவிட்டது. மூன்றே காலுக்கு இன்னொன்று. அதுவும் தலை சாய்ந்து கலைந்தது. கீழே பெரியவர் ஏரை எடுத்து வெளியே வைத்து, கொழுவைத் தட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மேகம் கலையும்போதும் தட்டுகிற சத்தம் கொஞ்சம் நின்று மறுபடி கேட்டது. அதற்கப்புறம் எனக்கு அந்த வேடிக்கை ரசிக்கவில்லை. நானே மனசுக்குள் 'வா, வா' என்று சொல்ல ஆரம்பித்திருந்தேன்.

நாலரை மணிக்கு மேற்கே எழுந்தது வேறு ஜாதி. விளிம்பு கத்தியால் வெட்டினதுபோல் இருந்தது. அடி கறுத்தது, உச்சி தட்டையாகி, கொல்லன் பட்டறையின் பட்டடைக்கல் மாதிரி விரிந்தது. காற்று திடீரென்று செத்துப் போனது. ஒரு இலை அசையவில்லை.

மின்னியது. "ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று மேகநாதர் எண்ணினார். இருபத்தி நாலில் இடி. மூன்று செகண்டுக்கு ஒரு கிலோமீட்டர். "எட்டு கிலோமீட்டர் சார்!" அடுத்தது பதினைந்து. "அஞ்சு!" எண்ணிக்கை முப்பதுக்குக் கீழே வந்தாலே வீட்டுக்குள் போய்விட வேண்டும் என்பது விதி. அந்த விதியை ரயிலில் எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே மேகநாதர்தான். ஆனால் மூன்று பேரும் அசையவில்லை. பேங்க்காரர் கையை உயர்த்தி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். ஊரிலேயே உயரமான பாறையின் உச்சியில், நாலு பேர். ஒன்பதில் ஒரு இடி.

"ஏய்! எறங்குங்கய்யா கீழ! சாவறதுக்கு எங்க ஊருப் பாறைதான் கெடச்சுதா?"

பெரியவர். கையில் மாட்டுக்கோல். அடித்தே விடுவார் என்று தோன்றியது. படித்த நாலு பேரும் பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரி இறங்கி ஓடினோம். அவர் வீட்டுக்குள் நுழையவும், ஜில்லென்று காற்று வந்து புழுதியை வாரி அடிக்கவும் சரியாக இருந்தது. புளியமரம் தலைவிரித்து ஆடியது. அடுத்த வெளிச்சத்துக்கு எண்ணவே நேரமில்லை. 'ஒ...' என்பதற்குள் வீடே அதிர்ந்தது. என் முதுகு சுவரோடு ஒட்டிக்கொண்டது.

"அந்த மரத்துல" என்று பெரியவர் வாசல் வழியே புளியமரத்தைக் காட்டினார். "முந்தின வருசம் ரெண்டு கறவ மாடு கட்டியிருந்தேன். மழ வருதேன்னு நான்தான் ஓட்டியாந்து அடியில கட்டுனேன். ஒரே அடி. ரெண்டும் படுத்துட்டுச்சு."

நான்தான் கட்டினேன் என்பதை இரண்டாம் தடவையும் சொன்னார். பேங்க்காரர் செல்போனை அணைத்துப் பைக்குள் வைத்தார்.

பிறகு ஆலங்கட்டி விழுந்தது. ஓட்டின்மேல் யாரோ மூட்டை மூட்டையாகப் புளியங்கொட்டையைக் கொட்டுகிற சத்தம். ஐந்து நிமிஷம். அப்புறம் மழை... சுத்தமான, நேரான, கனமான மழை. அந்த மண் வாசனையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எல்லாரும் எழுதியாயிற்று. முக்கால் மணி நேரம் பெய்தது. பெரியவரின் சம்சாரம் ஒரு வார்த்தை பேசாமல், ஒழுகுகிற இடத்திலெல்லாம் பாத்திரம் வைத்துக்கொண்டே இருந்தார்.

மழை விட்டதும், அவ்வளவு மழையிலும் குறையாத வேகத்தோடு மேகநாதர் மழைமானியை நோக்கிப் பாய்ந்து, பாதியில் நின்றார். "ம்ஹூம். காலை எட்டரைக்குத்தான் பார்க்கணும். முந்தின நாள் எட்டரையிலேர்ந்து மறுநாள் எட்டரை வரைக்கும்தான் ஒரு நாள் கணக்கு. டிபார்ட்மெண்ட் வழக்கம்."

பெரியவருக்கு அந்த வழக்கம் தெரியாது. கடப்பாறையால் ஒரு குத்து. ஒரு சாண் இறங்கியது. ஈர மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"ஒழவு மழதான்" என்றார். அவ்வளவுதான்.

கடைசி பஸ் போயே போய்விட்டது. சாமைச் சோறும் புளிக்குழம்பும் சாப்பிட்டுத் திண்ணையில் படுத்தோம். தூங்குவதற்குமுன் ஒரு நடை பாறைக்குப் போய் (வானம் கழுவி விட்டாற்போல நட்சத்திரமாக இருந்தது, காவலூர்க்காரர்களின் வேண்டுதலும் பலித்துவிட்டது) வீட்டுக்கு போன் செய்தேன். சென்னையில் ஒரு சொட்டு இல்லையாம். வடாம் நன்றாகக் காய்ந்துவிட்டதாம். "உங்க ஃப்ரண்டு கெட்டிக்காரர்தான்" என்றாள். அதை மேகநாதரிடம் சொன்னபோது அவருக்கு சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று தெரியவில்லை.

காலையில் கண் விழித்தபோது வெயில் வந்திருந்தது. ஏரும் இல்லை, பெரியவரும் இல்லை. மேகநாதர் எட்டு மணியிலிருந்தே மழைமானிக்கு முன்னால் வாட்சும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். சரியாக எட்டரை. குனிந்து, கண்ணைக் குழாய்க்கு நேராக வைத்து, இரண்டு தடவை பார்த்தார். நோட்டில் எழுதினார்.

அதற்குள் பாதிக் கொல்லை உழுது கறுப்பாகக் கிடந்தது. மழைமானி நட்ட இடத்தை மட்டும் பெரியவர் சுற்றிக்கொண்டு போயிருந்தார்.

"எவ்ளோ சாரு?" என்று அந்தக் கோடியிலிருந்து கத்தினார்.

"முப்பத்தோரு மில்லி அய்யா! முப்பத்தோரு மில்லி!"

"ஒரு குவார்ட்டர்கூட இல்லியே!" என்று சிரித்துக்கொண்டே மாட்டைத் திருப்பினார் பெரியவர்.