முருகைக்கல் ஊர் நெடுந்தீவு

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு என்று ஓடும் பஸ் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றுவிடும். நயினாதீவுக்குப் போகிறவர்கள் படகேறிச் சற்று நேரத்தில் நாகபூசணி அம்மன் வாசலில் நிற்பார்கள். நெடுந்தீவாருக்கோ இன்னும் ஒரு மணி நேரக் கடல் இருக்கிறது. நடுவில் ஏழாத்துப் பிரிவு என்னும் கடற்பகுதி. சோளகக் காற்று மூசும் மாதங்களில் அந்த இடம் வந்ததும் படகில் பேச்சு அடங்கிவிடும்.

யாழ்ப்பாணத்தின் மக்கள் வாழும் தீவுகளில் தென்மேற்கே தனித்துக் கிடப்பது நெடுந்தீவு. ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். குன்று என்று சொல்ல ஒன்றுமில்லை. மேலே மெல்லிய மண், கீழே முருகைக்கல். குடாநாட்டுக்குக் கிடுகுவேலி என்றால் நெடுந்தீவுக்குக் கல்வேலி. சாந்தோ மண்ணோ வைக்காமல், கல்லைக் கல் கவ்வ அடுக்கியிருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால், உயிரோடிருந்த காலத்துப் பவளத்தின் பூவரிகள் கல்லில் அப்படியே தெரியும். என்னைக் கேட்டால் இந்த வேலிகள்தான் தீவின் முதற்பெரும் சின்னம், பிறகுதான் கோட்டை.

அந்தக் கோட்டையும் முருகைக்கல்தான். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தடித்த சுவர்கள் இடிந்து நிற்கின்றன. ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடும் உண்டு. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் காரைநகரை ஆம்ஸ்டர்டாம் என்றும் வேலணையை லைடன் என்றும் அழைத்தார்கள். அவை வழக்கொழிந்தன, இந்தத் தீவுக்கு அவர்கள் வைத்த டெல்ஃப்ட் மட்டும் அரச ஏடுகளில் நிலைத்துவிட்டது. ஊரார் வாயில் என்றும் நெடுந்தீவுதான்.

ஆபிரிக்காவிலிருந்து வந்த பெருக்குமரத்தின் பொந்துக்குள் ஆட்கள் புகுந்து நிற்கலாம். ஐரோப்பியர் கொண்டுவந்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் தென்புற வெளிகளில் கட்டாக்காலியாக மேய்கின்றன. கோடையில் கிணறும் குளமும் வற்ற, அவை தண்ணீருக்கு அலைவதும் மடிவதும் கண்கொண்டு பார்க்க முடியாத கொடுமை. படமெடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் மாரி முடிந்த பசுமையில்தான் வருகிறார்கள்.

இவ்வூருக்குப் படகுதான் தெரு. 1985 மே 15 அன்று, குறிகட்டுவானுக்கு ஓடிய குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளுமாகப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மாவிலித்துறையில் ஆண்டுதோறும் அவர்களுக்கு அஞ்சலி நடக்கிறது. அதே குமுதினி பின்னரும் பல ஆண்டுகள் ஓடியது. உறவினரைப் பறிகொடுத்தவர்களும் அதில்தான் ஏறினார்கள். குறிகட்டுவானுக்குப் போக வேறு வழி இருக்கவில்லை.