வாசலில் நிற்கும் வீராங்கனைகள்



காற்பந்து என்றால் நம்மில் பலருக்கும் இறுதியாட்டந்தான் நினைவுக்கு வரும். ஒளி வெள்ளத்தில் மிதக்கும் அரங்கம், வண்ணத் தாள்கள் பறக்கும் மேடை, கிண்ணத்தைத் தலைக்குமேல் உயர்த்தும் அணித்தலைவி ஆகிய காட்சிகளே மறுநாள் நாளேட்டில் இடம்பெறும். அந்தக் கிண்ணத்தை நோக்கிய பயணம் எங்கே, எப்போது தொடங்கியது என்று கேட்பவர் மிகச் சிலரே. ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீக் போட்டியின் இறுதியாட்டம் மே மாதத்தில் நடைபெறுகின்றது. ஆனால், அப்போட்டியின் முதல் பந்து உருள்வதோ முந்திய ஆண்டின் கோடைக்காலத்தில். பெரும்பாலும் சிறிய திடல்களில், சிறிய கூட்டத்தின் முன்னிலையில் நடந்து முடிந்துவிடும் தகுதிச் சுற்றுகளே அப்போட்டியின் வாசல். அந்த வாசலைப் பற்றித்தான் இன்று எழுத விழைகின்றேன்.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பாடவேளை முடிந்த பின்னர், புறப்பாட நடவடிக்கையாக மாணவியர் காற்பந்துக் குழுவுக்கும் பொறுப்பேற்றிருக்கின்றேன். ஐரோப்பாவின் நடுப்பகுதியில் கோடைக்கால மாலை ஏழு மணி என்றால் நம் நாட்டில் நள்ளிரவு கடந்து ஒரு மணி. மறுநாள் பள்ளி இருக்கும்போது அவ்வேளையில் கண்விழித்திருத்தல் இயலாது. ஆகவே, காலையில் தேநீர் அருந்தும்போது கோல் விவரங்களைப் படிப்பதே என் வழக்கம். அவ்வாறு படித்தவற்றுள் என் உள்ளத்தில் ஆழப் பதிந்த சிலவற்றை இங்கே பகிர்கின்றேன்.

நான்கு நாளில் ஓராண்டு

இப்போட்டி 2001-02 பருவத்தில் 'மகளிர் கிண்ணம்' என்னும் பெயரில் தொடங்கியது. 2002 மே மாதத்தில் ஃபிராங்ஃபர்ட் நகரில் நடைபெற்ற முதல் இறுதியாட்டத்தில், அந்நகரின் குழுவே சுவீடனின் உமியா குழுவை 2-0 என வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியது. 2009-10 பருவத்தில் போட்டிக்கு 'மகளிர் சாம்பியன்ஸ் லீக்' என்னும் இன்றைய பெயர் வாய்த்தது.

தொடக்கக் காலந்தொட்டே தகுதிச் சுற்றுக்கென ஒரு தனி அமைப்பு உண்டு. நான்கு குழுக்கள் ஓர் ஊரில் கூடும். அவற்றுள் ஒரு குழுவே விருந்தோம்பும். சில நாள்களுக்குள் ஆட்டங்கள் முடிந்துவிடும். முன்னாளில் நான்கும் ஒன்றோடொன்று மோதிப் புள்ளிகள் சேர்த்தன. 2021-க்குப் பின்னர், முதற்சுற்று அரையிறுதி, இறுதி என்னும் முறைக்கு மாறியது. முதல் ஆட்டத்தில் வென்ற இரு குழுக்கள் மீண்டும் மோத, அதில் வெல்லும் ஒரே குழு அடுத்த சுற்றுக்குச் செல்லும்.

இதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு குழு தன் நாட்டின் லீக்கில் ஓராண்டு முழுதும் உழைத்து இவ்வாசலுக்கு வந்து சேர்கின்றது. வந்த பிறகு, நான்கு நாளில் இரண்டு ஆட்டங்கள். அவற்றுள் ஒன்றில் சறுக்கினாலும் ஓராண்டு உழைப்பு முடிந்தது. அடுத்த வாய்ப்புக்கு மீண்டும் ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

அறுபதாயிரம் பேரும் ஒரு பெனால்டியும்

இவ்வாசல் பெரியவர், சிறியவர் என்று பார்ப்பதில்லை என்பதற்கு இங்கிலாந்தின் ஆர்சனல் குழுவே சான்று. 2023 மே 1-ஆம் நாள், இலண்டன் எமிரேட்ஸ் அரங்கில் அக்குழு வோல்ஃப்ஸ்பர்க்கை அரையிறுதியில் சந்தித்தபோது 60,063 பேர் கூடியிருந்தனர். கூடுதல் நேரத்தில் விழுந்த கோலால் ஆர்சனல் தோற்றது.

நான்கு மாதங்கள் கழிந்தன. இங்கிலாந்து லீக்கில் மூன்றாம் இடமே பெற்றிருந்தமையால், அதே ஆர்சனல் செப்டம்பரில் சுவீடனின் லிங்ஷோப்பிங் நகரில் தகுதிச் சுற்றின் முதற்கட்டத்தில் ஆட வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த உலகக் கிண்ணப் போட்டி ஆகஸ்டு 20-இல்தான் முடிந்திருந்தது. அதில் இறுதிவரை ஆடிய வீராங்கனைகளுக்கு ஓய்வெடுக்கவும் காலமில்லை. முதல் ஆட்டத்தில் லிங்ஷோப்பிங் குழுவை 3-0 என வென்ற ஆர்சனல், அடுத்து பாரிஸ் எஃப்சி குழுவுடன் 3-3 எனச் சமன் கண்டு, பெனால்டியில் 4-2 எனத் தோற்று வெளியேறியது. ஐரோப்பாவில் அக்குழுவின் பருவம் செப்டம்பர் பிறந்து பத்து நாள் ஆவதற்குள் முடிந்துபோனது.

அதோடு நிற்கவில்லை. அடுத்த சுற்றில் அதே பாரிஸ் எஃப்சி, சில மாதங்களுக்கு முன்னர் இறுதியாட்டம் வரை சென்ற வோல்ஃப்ஸ்பர்க் குழுவையும் வெளியேற்றியது. முதல் ஆட்டத்தில் 3-3. எதிரணியின் சொந்தத் திடலில் 2-0. முந்திய பருவத்து அரையிறுதியில் மோதிய இரு பெருங்குழுக்களும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டன.

பதினைந்து ஆட்டங்கள்

ஓராண்டு கழித்து, 2024 செப்டம்பரில் ஆர்சனல் மீண்டும் அதே வாசலில் வந்து நின்றது. இம்முறை போரம்வுட் என்னும் சிறு நகரில் உள்ள தன் திடலிலேயே ஆடியது. ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் குழுவை 6-0 என வென்றது. நார்வேயின் ரூசன்போர்க் குழுவை வெல்ல ஒரே ஒரு கோல்தான் கிடைத்தது. இரண்டாம் சுற்றில் சுவீடனின் ஹேக்கன் குழுவிடம் வெளித்திடலில் 1-0 எனத் தோற்று, சொந்தத் திடலில் 4-0 என வென்று பிரிவு ஆட்டங்களுக்குள் நுழைந்தது.

அங்கே முதல் ஆட்டத்திலேயே பயர்ன் மூனிக்கிடம் 5-2 எனப் படுதோல்வி. அடுத்த சில நாள்களில் பயிற்றுநர் யோனாஸ் ஐடெவால் பதவி விலகினார். அவரிடம் துணைப் பயிற்றுநராக இருந்த ரெனே ஸ்லெகர்ஸ் பொறுப்பேற்றார். பிரிவின் எஞ்சிய ஐந்து ஆட்டங்களிலும் ஆர்சனல் வென்றது. காலிறுதியின் முதல் ஆட்டத்தில் ரியால் மாட்ரிட்டிடம் 2-0 எனத் தோற்று, மறு ஆட்டத்தில் 3-0 என வென்றது. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் லியோனிடம் 2-1 எனத் தோற்று, பிரான்சு சென்று 4-1 என வென்றது. 2025 மே 24-ஆம் நாள் லிஸ்பனில் பார்சிலோனாவுக்கு எதிரான இறுதியாட்டத்தில், மாற்று ஆட்டக்காரராகக் களமிறங்கிய ஸ்டினா பிளாக்ஸ்டெனியஸ் 74-ஆம் நிமிடத்தில் அடித்த ஒரே கோலால் கிண்ணம் ஆர்சனலின் கைக்கு வந்தது.

தகுதிச் சுற்றின் முதற்கட்டத்தில் தொடங்கிக் கிண்ணத்தை வென்ற முதல் குழு அதுவே. மொத்தம் 15 ஆட்டங்கள். அவற்றுள் நான்கு தோல்விகள். இரு ஆட்டங்களாக நடைபெற்ற மூன்று மோதல்களிலும் முதல் ஆட்டத்தைத் தோற்றுத்தான் மறு ஆட்டத்தில் மீண்டது.

இச்செய்தியை நான் மாணவியரிடம் சொன்னபோது, ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "டீச்சர், முதல் வருசம் தோத்தப்பவே விட்டிருந்தா?" என்று கேட்டாள். அவளுக்கு நான் விடை கூறவில்லை. அவள் கேள்வியிலேயே விடை இருந்தது.

எட்டுக் கோல் வாங்கிய குழு

ஆர்சனல் செல்வமுடைய குழு. மீண்டு வருவதற்கு அதனிடம் வசதிகள் உண்டு. என் மனம் அதிகம் நாடுவது, கிண்ணத்தைக் கனவிலும் காணாத குழுக்களையே. ஃபரோ தீவுகளில் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் வாழும் கிளாக்ஸ்விக் என்னும் ஊரின் குழு, பல பருவங்களில் இவ்வாசலுக்கு வந்து தட்டிப் பார்த்திருக்கின்றது. பனி சூழ்ந்த ஐஸ்லாந்திலிருந்து பிரேய்டாபிலிக் குழு 2021-இல் தகுதிச் சுற்றுகளைக் கடந்து, பிரிவு ஆட்டங்களுக்குள் நுழைந்த முதல் ஐஸ்லாந்துக் குழுவாயிற்று. அடுத்த ஆண்டே அல்பேனியாவின் ஷ்கோடர் நகரைச் சேர்ந்த விளாஸ்னியா குழு தன் நாட்டுக்கு அதே பெருமையைச் சேர்த்தது.

விளாஸ்னியா நுழைந்த பிரிவில் இருந்தவை செல்சி, பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்ன், ரியால் மாட்ரிட். ஆறு ஆட்டங்களிலும் தோல்வி. இலண்டனில் செல்சியிடம் 8-0. அவற்றுள் நான்கு கோல்களை ஆஸ்திரேலியாவின் சாம் கெர் அடித்தார். "இதற்குத்தானா இவ்வளவு தூரம் வந்தார்கள்?" என்று கேட்கத் தோன்றும். எட்டுக் கோல் வாங்குவது இனிமையான அனுபவம் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆயினும், அதற்கு முன்னர் அல்பேனியச் சிறுமி ஒருத்திக்குச் சாம் கெர் தொலைக்காட்சியில் தோன்றும் ஒரு பெயர் மட்டுமே. 2022-க்குப் பின்னர், தன் நாட்டு வீராங்கனைகள் எதிர்த்து நின்ற ஒருவர். இந்த வேறுபாட்டைக் கோல் கணக்கு காட்டாது.

வாசல் அகன்றதா, குறுகியதா?

2021 முதல் தகுதிச் சுற்று இரு வழிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றது. தத்தம் நாட்டில் முதலிடம் பெற்றோர் ஒரு வழியில். பெரிய லீக்குகளில் இரண்டாம், மூன்றாம் இடம் பெற்றோர் மற்றொரு வழியில். சிறிய நாட்டு வெற்றியாளர்கள் பெரிய லீக்குகளின் அத்தகைய குழுக்களிடம் தொடக்கத்திலேயே சிக்கி அழியாமல் காக்கும் ஏற்பாடு இது. விளாஸ்னியாவும் பிரேய்டாபிலிக்கும் உள்ளே நுழைந்தது இதனாலேயே.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2018 செப்டம்பரில், பழைய முறைப்படி 32 குழுக்கள் மோதிய சுற்றில், பார்சிலோனா மத்திய ஆசியாவுக்குப் பயணம் செய்தது. கஜகஸ்தானின் தெற்கே உள்ள ஷிம்கென்ட் நகரில், பிஐஐகே கசிகுர்ட் என்னும் குழு பார்சிலோனாவை 3-1 என வென்றது! மறு ஆட்டத்தில் 3-0 என வென்று, மொத்தக் கணக்கில் ஒரே ஒரு கோல் வேறுபாட்டில் பார்சிலோனா தப்பியது. அதே பருவத்தில்தான் அக்குழு தன் முதல் ஐரோப்பிய இறுதியாட்டத்திற்கும் சென்றது. பெரியவரும் சிறியவரும் தொடக்கத்திலேயே சந்தித்ததால் பிறந்த மாலைப்பொழுது அது. சிறியவரைக் காப்பதற்காகப் போட்ட வேலி, இத்தகைய மாலைப்பொழுதுகளையும் அரிதாக்கிவிடுகின்றது. எது நன்று என்று ஒரு சொல்லில் தீர்ப்புக் கூற என்னால் இயலவில்லை. ஆண்டுதோறும் சில சிறிய குழுக்களேனும் உறுதியாக உள்ளே செல்வதையே என் மனம் சற்று அதிகமாக விரும்புகின்றது.

2025-26 பருவத்தில் மேலும் ஒரு மாற்றம் வந்தது. பிரிவுகள் நீக்கப்பட்டு, 18 குழுக்கள் கொண்ட ஒரே பட்டியல் அமைந்தது. அவற்றுள் ஒன்பது குழுக்கள் நேரடியாக நுழைய, எஞ்சிய ஒன்பது தகுதிச் சுற்றுகள் வழியாகவே வர வேண்டும். கூடவே, 'மகளிர் ஐரோப்பா கிண்ணம்' என்னும் இரண்டாவது போட்டியும் பிறந்தது. தகுதிச் சுற்றில் தோற்கும் குழுக்கள் பலவற்றுக்கு அங்கே இன்னொரு வாய்ப்புக் கிடைக்கின்றது. தோற்ற மறுநாளே பருவம் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை. கல்வித் துறையில் இருப்பவள் என்னும் முறையில், இம்மாற்றத்தை நான் மனமார வரவேற்கின்றேன்.

நம் திடலில்

எங்கள் பள்ளி சிறியது. குழுவுக்கு மாணவியரைச் சேர்ப்பதற்கே வகுப்பு வகுப்பாகச் செல்ல வேண்டியிருக்கும். மாவட்டப் போட்டியில் முதல் நாளிலேயே வெளியேறிவிடுவதே பெரும்பாலும் எங்கள் வழக்கம். "தோற்கப் போவது தெரிந்தும் ஏன் டீச்சர் வெயிலில் பிள்ளைகளை அலைக்கழிக்கிறீர்கள்?" என்று பெற்றோர் ஒருவர் கேட்டார். அவர் கேள்வியில் அக்கறை இருந்தது. கோபம் கொள்ள இடமில்லை. பேருந்துச் செலவு, காலணி, ஒரு சனிக்கிழமை ஆகிய யாவும் அவர் குடும்பத்திலிருந்துதான் வருகின்றன.

நான் அவரிடம் கூறியது இதுதான்: "ஐயா, வெல்பவர் மட்டுமே வர வேண்டும் என்றால் எந்தப் போட்டியும் நடக்காது. உங்கள் மகள் பெரிய பள்ளி மாணவியரைப் பார்த்துப் பயந்தவள். போன முறை அவர்களிடமிருந்து பந்தைப் பறித்தாள். நாங்கள் ஐந்து கோல் வாங்கினோம், உண்மை. வீட்டிற்குப் போகும் வழியில் அவள் பேசியது அந்த ஒரு பந்தைப் பற்றித்தான்." அவர் சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டு, அடுத்த பயிற்சி எந்த நாளில் என்று கேட்டார்.

அன்பர்களே, நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் மாநில நிலைக்குச் செல்வர், எத்தனை பேர் கிண்ணம் ஏந்துவர் என்று எவராலும் கூற இயலாது. வாசலுக்கு அழைத்துச் செல்லும் கடமை மட்டும் நம்முடையது. உங்கள் பள்ளியில், உங்கள் குடியிருப்பில், பந்தை உதைக்க விரும்பும் பெண்பிள்ளை ஒருத்தி இருந்தால் தடுக்காதீர்கள். அவள் முதல் நாளில் தோற்று வந்தாலும், "எத்தனை கோல்?" என்று கேட்பதற்கு முன்னர், "எப்படி ஆடினாய்?" என்று கேளுங்கள்.

அடுத்த கோடையில், நாம் உறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், ஐரோப்பாவின் ஏதோ ஒரு சிற்றூரில் நான்கு குழுக்கள் மீண்டும் கூடும். காலையில் கோல் விவரங்களைக் காணும்போது, தோற்ற குழுக்களின் பெயர்களையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.